பல வருடம் கழித்துக் குதிரையில் திரும்ப ஏறுகிறவர்கள் எதை வாசிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கிறேன். அப்பாவுக்கு நுவரெலியாவில் வேலையாக இருந்த காலத்தில், 9 வயதிலிருந்து 14 வயது வரை குதிரை ஓடினேன். பிறகு ஊருக்கு வந்துவிட்டோம். சண்டைக் காலம், படிப்பு, வேலை, கலியாணம், பிள்ளைகள் என்று வருடங்கள் போயின. 41 வயதில் திரும்ப ஏறினேன். இப்போது மாதத்தில் ஒரு தடவை இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் ஓடிவிட்டு வருகிறேன்.

இது தெரிந்த நாளிலிருந்து பலர் கேட்கிறார்கள். சின்ன வயதில் மலைநாட்டில் ஓடினவர்கள், வெளிநாட்டில் பழகிவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர்கள், கல்முனை, ஏறாவூர், அக்கரைப்பற்று என்று எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே சந்தேகங்கள்தான். குதிரை நமக்கு 300 கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கிறது, புத்தகம் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு வாசிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே உதவும் என்று நம்புகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, சைக்கிள் மாதிரி இதுவும் மறக்காதுதானே? பிறகு எதுக்கு வாசிக்கணும்?

உடம்பு கொஞ்சம் ஞாபகம் வைத்திருக்கும். ட்ரொட் என்ற துள்ளு நடையில் எழும்பி எழும்பி இருக்கிற தாளம் எனக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டது. ஆனால் சின்ன வயதில் நாம் பழகியதில் பாதிதான் நம்முடையது. சேணம் கட்டியது லாயத்து ஐயா, வயிற்றுக்குக் கீழே வார் இறுக்கியது அவர், குதிரையின் முகத்தைப் பார்த்து "இண்டைக்கு இவனுக்கு மனசு சரியில்ல" என்று சொன்னதும் அவர்தான். நாம் ஏறினோம், இறங்கினோம், அவ்வளவுதான். அவர் செய்த அந்தப் பாதியைத்தான் வாசித்துப் பிடிக்க வேண்டும்.

சைக்கிளுக்குப் பயம் கிடையாது, பசி கிடையாது, முதுகு வலி கிடையாது. குதிரைக்கு மூன்றும் உண்டு.

எதில தொடங்குறது? ஒண்டே ஒண்டு சொல்லுங்க.

பிள்ளைகளுக்குக் குதிரை ஓடப் பழக்கும் பிரித்தானிய போனி கிளப்பின் கைநூல், 'மனுவல் ஒஃப் ஹோர்ஸ்மன்ஷிப்'. முதற்பதிப்பு 1950இல் வந்தது, அதற்குப் பிறகு பல தடவை திருத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்காக எழுதியது என்று ஒதுக்க வேண்டாம். குதிரைக்குப் பக்கத்தில் எப்படிப் போவது, குளம்பை எப்படித் தூக்கிப் பார்ப்பது, கடிவாளம் எப்படி மாட்டுவது, எப்படி ஏறுவது என்று ஒவ்வொன்றும் நேரான வசனங்களில், படத்தோடு இருக்கும்.

திரும்ப வருகிறவர்கள் நேரே பெரிய புத்தகங்களுக்குப் பாய்வதைப் பார்த்திருக்கிறேன். வியன்னாவின் ஸ்பானியக் குதிரைப் பள்ளிக்கு 1939 முதல் கால் நூற்றாண்டு தலைமை வகித்த அலோய்ஸ் பொட்ஹாய்ஸ்கியின் பெரிய பயிற்சி நூலை ஒருவர் முதலில் வாங்கிவிட்டார். மிக நல்ல நூல். ஆனால் கன்டர் என்ற ஓட்டத்தில் நிமிர்ந்து இருக்கவே பாடுபடுகிற ஒருவருக்கு அது இப்போதைக்குப் பயன்படாது. அவரையே வாசிக்க ஆசை என்றால் 'மை ஹோர்சஸ், மை டீச்சர்ஸ்' என்ற மற்றப் புத்தகத்தை எடுங்கள். தன் குதிரைகள் ஒவ்வொன்றும் தனக்கு என்ன கற்றுத் தந்தன என்று சொல்கிறார். 1936 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற மனிதர் அப்படி எழுதியதை வாசித்த பிறகு, என் மனதில் குதிரைக்கு இருந்த இடமே மாறிப்போனது.

தமிழில ஒண்டும் இல்லையா?

குதிரையைப் பற்றித் தமிழில் நிறையவே உண்டு. புறப்பாடல்களில் குதிரையின் வீரத்தைப் பாடும் குதிரைமறம் என்று ஒரு துறையே இருக்கிறது. புறநானூறு 299ஆம் பாட்டைத் தேடிப் பாருங்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். பொன்முடியார் பாடியது. உழுத்தஞ் சக்கை தின்ற, தளர்ந்த நடையுள்ள சிற்றூர்த் தலைவனின் குதிரை, கடலைக் கிழிக்கும் தோணி போலப் படைக்குள் புகுந்து போகிறது. நெய் கலந்த கவளம் தின்ற பெரிய மன்னர்களின் குதிரைகள் ஒதுங்கி நிற்கின்றன. தோணியோடு வளர்ந்த நம் ஊர்க்காரருக்கு அந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்த அசுவ சாஸ்திரமும் இருக்கிறது. பழைய உரைகள் குதிரைக்கு ஐந்து கதி, அதாவது ஐந்து வகை நடை, சொல்லும். மாணிக்கவாசகருக்காக நரி பரியான கதை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

இவை மனதுக்கு நல்லவை, வாசியுங்கள். ஆனால் சேணத்தில் எப்படி இருப்பது, கடிவாளத்தை எவ்வளவு பிடிப்பது என்பதற்கு இன்றைய ஆங்கிலக் கைநூலுக்குத்தான் போக வேண்டும். உடம்பில் மயிர்ச் சுழி பார்த்து நல்ல குதிரை, கெட்ட குதிரை சொல்லும் பகுதிகளை வைத்து எந்தக் குதிரையையும் எடைபோட வேண்டாம்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது டீச்சர். நாலு பக்கத்துக்கு மேல போக ஏலாம இருக்கு.

நாலு பக்கம் போதும். இந்தப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் ஐம்பது, அறுபதுதான். ஒரு கொப்பியில் இரண்டு பக்கமாக எழுதுங்கள். சேணம், கடிவாளம், கால் வைக்கும் அங்கவடி, பிடரி, லாடம், குளம்பு எல்லாம் நமக்குத் தெரிந்த சொற்கள். லாயத்தில் ஆட்கள் சொல்வதோ சேடில், ஸ்டிரப், கேர்த், ட்ரொட், கன்டர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒரு மாதத்தில் புத்தகம் திறந்துவிடும்.

நடைகளைக் காதால் பழகுங்கள். சாதாரண நடையில் நாலு காலடி தனித்தனியாகக் கேட்கும். ட்ரொட்டில் எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து விழும், ஆகவே இரண்டு அடி. கன்டரில் மூன்று அடி, பிறகு ஒரு கணம் நாலு காலும் நிலத்தில் இல்லை. முழுப் பாய்ச்சலில் மறுபடி நாலு. மிருதங்கச் சொல் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை விட்டுத் தட்டச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பிறகு பந்தியை வாசித்தால் அகராதி தேவைப்படாது.

புத்தகத்துக்கு எங்க போறது? மட்டக்களப்பில விக்கிறாங்களா?

கடையில் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். லண்டனில், ரொறன்ரோவில் சொந்தக்காரர் இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. அங்கே பழைய புத்தகக் கடைகளில் போனி கிளப் கைநூல் சல்லிசாகக் கிடைக்கும். வருகிறவரிடம் சொக்லட்டுக்குப் பதில் அதைக் கேளுங்கள். பழைய பதிப்பு என்றாலும் பரவாயில்லை, தலைக்கவசமும் மருத்துவமும் பற்றிய பகுதிகளை மட்டும் புதியதில் பாருங்கள்.

இலவசமாக வேண்டுமென்றால் புரொஜெக்ட் குட்டன்பேர்க் என்ற இணைய நூலகத்தில் செனபோனின் குதிரை நூல் இருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கர். சின்ன நூல், இரண்டு மாலையில் முடியும். கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவர் காலத்தில் அங்கவடி கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்து, கால் பற்றிச் சொல்வதை வாசியுங்கள். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் கணக்குத் திறந்தால் சில பழைய கைநூல்களை இரவல் எடுத்தும் வாசிக்கலாம்.

இன்னொன்று, மாரி காலத்தில் நம் ஊரில் புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும். என் முதல் கைநூலின் படப் பக்கங்கள் ஒரு மார்கழியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்து போயின. அலுமாரியின் சுவர்ப் பக்கம் தள்ளி வைக்காதீர்கள்.

யூடியூபில எல்லாம் இருக்கே?

இருக்கிறது, நானும் பார்க்கிறேன். நடைகளின் ஓசைக்கும் கால்களின் ஒழுங்குக்கும் காணொளியைப் போல ஒன்றும் இல்லை. ஆனால் காணொளி அதன் வேகத்தில் ஓடும். ஒரு வசனத்தை வாசித்துவிட்டுக் கண்ணை மூடி, என் முழங்கால் அந்த நேரத்தில் என்ன செய்தது என்று யோசிக்கப் புத்தகம்தான் இடம் தரும்.

பழைய புத்தகங்களில பெண்கள் ஒரு பக்கமாக் காலைப் போட்டு இருக்கிற படம் இருக்கே, நாங்களும் அப்படியா இருக்கணும்?

வேண்டாம். அதற்கென்று தனிச் சேணம் உண்டு. அதில் காலைத் தாங்கும் கொம்புகள் இருக்கும், அதைத் தனியாகப் பழக வேண்டும். சாதாரணச் சேணத்தில் அப்படி இருந்தால் விழுவது நிச்சயம். இரண்டு பக்கமும் கால் போட்டு, உள்பக்கத் தையல் தடிப்பில்லாத களிசானோடு ஓடுங்கள். தலையை மூடுகிறவர்கள் மெல்லிய துணியை இறுக்கிக் கட்டி, அதன் மேல் தலைக்கவசத்தைப் போடலாம். நுனி எதுவும் தொங்கக் கூடாது. சிறிய குதியுள்ள சப்பாத்து அவசியம், இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் வழுக்கிச் சிக்கிக்கொள்ளும்.

எனக்கு 47 வயது, முதுகு வருத்தம், நிறையும் கூட. எனக்கும் ஏதாவது எழுதி வச்சிருக்கிறாங்களா?

உங்களுக்காகவே எழுதியது போல ஒன்று இருக்கிறது. சாலி சுவிப்ட் எழுதிய 'சென்டர்ட் ரைடிங்', 1985. அவர் 1913இல் பிறந்த அமெரிக்கப் பெண்மணி. சின்ன வயதிலிருந்தே முதுகெலும்பு வளைவு. பால்மாட்டு இனம் ஒன்றின் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, அறுபது வயதுக்கு மேல்தான் தன் முறையை முழுமூச்சாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வளைந்த முதுகோடு குதிரைக்குப் பாரமில்லாமல் எப்படி இருப்பது என்று வாழ்நாள் முழுக்கத் தேடியவர் எழுதியதால், ஒவ்வொரு பக்கமும் வலி தெரிந்தவரின் பேச்சாக இருக்கும்.

அவர் சொல்லும் அடிப்படைகள் நாலு: பார்வையை இறுக்காமல் அகல விடுவது, மூச்சை அடக்காமல் விடுவது, உடம்பின் நடு மையத்தை உணர்வது, கட்டைகளை அடுக்கினது போலத் தலை, தோள், இடுப்பு, குதி ஒன்றன் மேல் ஒன்றாக வருவது. முதலாவதை நான் குதிரையில் செய்து பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை நான் ஓடும் சாம்பல் நிறப் பெட்டைக் குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவில் முறைத்துப் பார்த்துக்கொண்டே போவேன். அன்று மைதானத்து வேலி, அப்பால் மரங்கள், பக்கத்தில் நின்ற பையன் எல்லாரும் ஒரே நேரத்தில் கண்ணில் படும்படி பார்வையைத் தளர்த்தினேன். என் தோள் தானாக இறங்கியது. இரண்டு சுற்றில் பெட்டை நீளமாக ஒரு மூச்சை மூக்கால் விட்டது.

நிறை பற்றி: சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50தான். குதிரையின் எடையைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். முதுகு வருத்தத்துக்கு முதலில் வைத்தியரிடம் போய்க் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பழைய புத்தகத்தில முழங்காலால இறுக்கிப் பிடி எண்டு கிடக்கு, புதுசில விடு எண்டு கிடக்கு. யாரை நம்புறது?

முழங்கால் விஷயத்தில் புதியதை நம்புங்கள். முழங்காலை இறுக்கினால் உடம்பு சேணத்திலிருந்து மேலே தள்ளப்படும், கீழ்க்கால் பின்னால் போகும். வீட்டில் ஒரு தலையணையைத் தொடைக்கு நடுவில் வைத்து முழங்காலால் நெரித்துப் பாருங்கள், அது நழுவி வெளியே வரும். குதிரையில் நழுவி வருவது நாம்தான்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பழையவற்றில் சில, "நீதான் எசமான் என்று காட்டு" என்று சொல்லும். இன்று குதிரை கற்றுக்கொள்ளும் விதத்தை ஆராய்கிறவர்கள் சொல்வது வேறு. அழுத்தம் கொடுத்தால் குதிரை பதில் தேடும். சரியான பதிலைக் கொடுத்த அதே கணத்தில் அழுத்தம் நின்றால், அதுதான் சரி என்று படிக்கும். நிற்காவிட்டால் குழம்பும், பிறகு மரத்துப் போகும் அல்லது எதிர்க்கும். சர்வதேச குதிரையேற்ற அறிவியல் சங்கம் இதையெல்லாம் பத்துப் பயிற்சிக் கோட்பாடுகளாக எழுதி இலவசமாகப் போட்டிருக்கிறது. எல்லாரும் வாசிக்க வேண்டியது அது.

நான் இதை விளங்கிக்கொண்டது தாமதமாகத்தான். பெட்டை நின்ற பிறகும் கடிவாளத்தைப் பிடித்தபடியே இருப்பேன். அது வாயைத் திறக்கும், காதைப் பின்னால் மடிக்கும். முரட்டுக் குதிரை என்று நினைத்தேன். இந்தப் பகுதியை வாசித்துவிட்டு அடுத்த மாதம் போனபோது, அது நிற்க நினைத்த உடனேயே விரல்களைத் திறந்தேன். மூன்றாம் தடவை நான் மூச்சை விட்டதுக்கே நின்றது. அத்தனை மாதம் அதன் வாயில் கிடந்த வலிக்கு நான் காரணம் என்று நினைக்க இன்றைக்கும் மனம் கனக்கிறது.

என்ட மாஸ்டர் சொல்றதும் நான் வாசிச்சதும் வேற வேறயா இருக்கு. சொன்னா கோவிப்பாரு. என்ன செய்யட்டும்?

சேணத்தில் இருக்கும்போது அவர் சொல்வதைச் செய்யுங்கள். அந்தக் குதிரையை அவருக்குத் தெரியும், எழுதினவருக்குத் தெரியாது. இறங்கிய பிறகு, தண்ணீர் காட்டும் நேரத்தில், "சேர், இப்படி ஒண்டு வாசிச்சன், இந்தக் குதிரைக்கு அது சரிவருமா?" என்று கேளுங்கள். புத்தகத்தை முன்னால் நீட்டாதீர்கள். பெரும்பாலும் இரண்டு பேரும் ஒன்றையே வேறு சொல்லால் சொல்லியிருப்பார்கள். "குதியை இறக்கு" என்று அவர் கத்துவதும், "கணுக்காலைத் தளர விடு" என்று புத்தகம் சொல்வதும் ஒன்றுதான். நான் குதியை அழுத்தி அழுத்திக் காலை மரக்கட்டையாக்கிய பிறகே அது புரிந்தது.

இரண்டு இடங்களில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒன்று தலைக்கவசம். ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 அல்லது பாஸ் 015 என்ற தர அடையாளம் உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். ஒரு தடவை பலமாக அடிபட்ட கவசத்தைத் திரும்பப் போடக் கூடாது. சைக்கிள் கவசம் சரிவராது. மற்றது, குதிரையை அடித்துப் பழக்கும் இடம். அப்படியென்றால் வேறு லாயம் பாருங்கள்.

சின்ன வயசில விழுந்தனான். வாசிக்க வாசிக்கப் பயம் கூடுது அக்கா.

விபத்துப் பகுதிகளை இரவில் வாசிப்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகக் குதிரை ஏன் மிரளுகிறது என்ற பகுதியை வாசியுங்கள். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிவர எல்லாம் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. வேட்டையாடப்படும் விலங்கு அது. காற்றில் பறக்கும் ஒரு பொலித்தீன் பையைப் பார்த்தால் முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். இது தெரிந்தால், அன்றைக்கு உங்களை விழுத்தியது கெட்ட எண்ணமில்லை என்று மனம் ஏற்றுக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் பயத்தின் பாதி போனது.

மீதிப் பாதி வாசிப்பால் போகாது. அமைதியான குதிரை, நீளக் கயிற்றில் பிடித்தபடி மாஸ்டர், வெறும் நடை, பத்து நிமிடம். அன்றைக்கு அவ்வளவு போதும்.

மாதத்தில ஒரு நாள்தான் ஓடுறம். மிச்ச 29 நாளும் என்ன செய்றது?

ஒரு பந்தி, ஒரு பயிற்சி. அதற்கு மேல் வாசித்தால் சேணத்தில் எல்லாம் கலந்து குழம்பும். எங்கள் விறாந்தையில் ஒரு மரவாங்கு இருக்கிறது. அதில் மடித்த போர்வையைப் போட்டு இரண்டு பக்கமும் கால் விட்டு இருப்பேன். இரண்டு உள்ளங்கையையும் கீழே வைத்தால் இரண்டு எலும்புகள் குத்தும். இடுப்பை முன்னால் சாய்த்தால் அவை பின்னால் உருளும், பின்னால் சாய்த்தால் முன்னால் வரும். இரண்டும் நேர் கீழே குத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஐந்து நிமிடம். பிறகு வாசற்படியில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்து நின்று, குதி தானாகக் கீழிறங்க விடுவேன்.

ஓடிவிட்டு வந்த இரவு ரயிலிலேயே கொப்பியில் மூன்று வரி எழுதுகிறேன்: குதிரை என்ன செய்தது, அதற்கு முதல் நான் என்ன செய்தேன், அடுத்ததாக எதை வாசிக்க வேண்டும். மூன்றாவது வரிதான் அந்த மாதத்து வாசிப்பு.

பேசாம ஒரு குதிரையை வாங்கி இஞ்சயே கட்டினா என்ன? எங்கட பக்கம் மாடு வளர்க்கிறமே.

இதை ஆசையோடு கேட்கிறவர்கள் அதிகம், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் இங்கேதான் ஏறுவதைப் பற்றிய புத்தகங்களை மூடிவிட்டு, பராமரிப்பு நூல்களை எடுக்க வேண்டும். மாட்டுக்கு நாலு அறை வயிறு, அசைபோடும். குதிரைக்கு ஒற்றை வயிறு, வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்று வலி வந்தால் உயிரே போகலாம். நம் கரையோரத்தில் இன்னொரு ஆபத்து மணல். நிலத்தில் போட்ட தீனோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படியும். 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 கிலோ வரை காய்ந்த புல் வேண்டும், சாதாரண நாளிலேயே 20 லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவத் தெரிந்த ஒருவர் வர வேண்டும். கூட்டத்தில் வாழும் விலங்கு, தனியாகக் கட்டினால் வாடும்.

வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. பாரன்ஹைட் வெப்பநிலையையும் ஈரப்பத வீதத்தையும் கூட்டுங்கள். 150ஐத் தாண்டினால் குதிரையின் உடம்பு ஆறுவது கடினமாகத் தொடங்கும், 180ஐத் தாண்டினால் வேலை வாங்கக் கூடாது. 32 பாகை செல்சியஸ் என்பது ஏறத்தாழ 90 பாரன்ஹைட். ஈரப்பதம் 70 என்றால் 160 ஆகிவிட்டது, இது நம் ஊரில் சாதாரண நாள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈரம் குறைந்தாலும் சூடு ஏறும், தண்ணீர் இன்னும் வேண்டும்.

வாங்க நினைக்கிறவர்கள் முதலில் லாயத்தில் ஒரு கிழமை தங்கி, விடிய எழும்பிச் சாணி அள்ளி, தீன் போட்டுப் பாருங்கள். பிறகு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் கால்நடை படித்த யாரையாவது பிடித்து, உங்கள் காணியில் முளைக்கும் புல்லைக் காட்டிக் கேளுங்கள். அவர் சொன்னதையும் கொப்பியில் எழுதுங்கள்.